சுவரில் உட்கார்ந்த மாமனார்

இஸ்மனாலி கண்ணை மூடியபோது புருல்சாவுக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூறு சோம். இரண்டு கம்பளி விரிப்புகளுக்கு முப்பதாயிரத்து அறுநூறு என்று பேசி, பன்னிரண்டாயிரம் முன்பணம் கொடுத்திருந்தார் கிழவர். மீதியைப் பனி விழுவதற்கு முன்னால் தருகிறேன் என்றார். பனி விழ இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவர்தான் இல்லை.

விரிப்புகளைச் செய்ய நாலு மாதம் ஆனது. ஆட்டுமயிரைக் குச்சியால் அடிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்ற வேண்டும். கோரைப்பாயில் சுருட்டி, மண்டி போட்டு, முழங்கையால் அமுக்கி அமுக்கி உருட்ட வேண்டும். பிறகு சாயம், பிறகு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைவு வளைவாக வெட்டி, சிவப்பைக் கறுப்போடு சேர்த்துத் தையல். செய்து முடித்தவளுக்கு முழங்கையில் தோல் இருக்காது. வாங்கினவனுக்குக் காலடியில் மெத்தென்று இருக்கும். உலகம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது, யாரைக் குறை சொல்வது?

புருல்சா பணத்தை எண்ணியிருந்தது நிலக்கரிக்கு. மூன்று டன் நிலக்கரி இல்லாமல் நாரின் பக்கத்துக் குளிரைத் தாண்டப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் கல்லறைகள் மேட்டில் இருக்கின்றன.

ஜனாஸா அன்று இஸ்மனாலியின் மூத்த மகன் ஒமுர்சாக், பிணம் வைத்த சந்தூக்கின் தலைமாட்டில் நின்று ஊரே கேட்கும்படி கத்தினான்.

"எங்கப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தா எங்கிட்ட வாங்க! நான் தர்றேன்! யாராவது அவருக்குத் தரணும்னா, அதை நான் விட்டுட்டேன்!"

இப்படிச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். கடனோடு போகிறவன் மண்ணுக்குள் நிம்மதியாகப் படுக்க முடியாது. ஒமுர்சாக்கும் குரல் உடையச் சொன்னான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். கிழவருக்கு யாரும் ஒரு தம்படி தர வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியும், அதனால் இரண்டாவது வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னான். முதல் வாக்கியத்தைப் பெண்கள் வரிசையில் நின்ற புருல்சா கேட்டுக்கொண்டாள்.

அவள் புருஷன் கச்கின் அன்று மய்யித்தைக் குளிப்பாட்டின நாலு பேரில் ஒருத்தன். நாலு பேருக்கும் அவன்தான் மூத்தவன், தலைப்பக்கம் பிடித்தவன். குளிப்பாட்டினவர்களுக்குச் செத்தவரின் உடுப்புதான் கூலி. தலைப்பக்கம் பிடித்தவனுக்கு மேலங்கி. இஸ்மனாலியின் மேலங்கி என்றால் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்: ஏழு ஓநாய்த் தோலில் தைத்த சாம்பல் நிறக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு கிழவர் தெருவில் வந்தால் நாய்கள் வேலிக்குள் போய்விடும்.

கச்கினுக்குக் கிடைத்தது ஒரு கோடு போட்ட சட்டை. சந்தையில் வாங்கினது. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்கள்: முந்நூற்றைம்பது.

"கோட்டு எங்கடா தம்பி?" என்று ஒமுர்சாக்கிடம் கேட்டிருக்கிறான்.

"என் தம்பி பிஷ்கெக்குக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டான் அண்ணே. அப்பா ஞாபகமா வச்சுக்கணுமாம். அழுதான். நான் என்ன பண்ண?"

கச்கின் சட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "ஏழு ஓநாய் போச்சு, ஒரு சட்டை வந்துச்சு" என்றான் பெண்டாட்டியிடம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. செத்தவருக்கு மணம் போகட்டும் என்று எண்ணெய் காய வைத்து மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள் ஒமுர்சாக்கின் பெண்டாட்டி ஜூரகான். பொரித்த தட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய அறைக்குள் நுழைந்தவள், தட்டோடு நின்றுவிட்டாள். படுக்கைகளும் மெத்தைகளும் கூரை வரை அடுக்கின பெரிய பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில், ஒரு பூச்சி.

"என்னங்க! மாமா வந்திருக்காங்க!"

செத்தவர் நாற்பது நாளைக்குள் வீட்டை எட்டிப் பார்க்க வருவார், பூச்சியாகத்தான் வருவார் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வந்ததை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, ஒரு பிடி மாவைத் தூவிச் சலாம் சொல்ல வேண்டும். ஒமுர்சாக் ஓடி வந்து மாவைத் தூவினான். பூச்சி மாவை உதறிவிட்டு மெத்தை மடிப்புக்குள் ஓடி ஒளிந்தது. ஒமுர்சாக் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அழுகை முடிந்ததும் யோசித்தான். பிஷ்கெக்கில் இருக்கிற தம்பி, இந்த வீட்டில் பாதி கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா அறுநூறு வீடுள்ள பிஷ்கெக் அடுக்குமாடிக்குப் போகவில்லை, இங்கே வந்திருக்கிறார். அப்படியென்றால் அப்பாவுக்கு யார் பிள்ளை? மறுநாள் காலைக்குள் ஊரில் தெரியாதவர் இல்லை. நிலக்கரி வாங்க வந்தவனுக்கும் மாவு வாங்க வந்தவளுக்கும் ஒமுர்சாக்கின் கடையில் முதலில் அப்பா வந்த கதை, பிறகுதான் தராசு.

அடுத்த வியாழன் பெண்களோடு பெண்ணாகப் புருல்சாவும் போனாள். எல்லோரும் கையை விரித்து ஓதினார்கள். பூச்சியைக் காட்டினாள் ஜூரகான். இப்போது மூன்று இருந்தன.

"பெரிசா இருக்கறது மாமா. பக்கத்துல இருக்கறது அத்தை, பதினோரு வருஷம் முன்னாடி போனாங்களே, அவங்க. அந்த ஓரத்துல தனியா இருக்கறது மாமாவோட அண்ணன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பாருங்க, இன்னும் தள்ளித்தான் உக்காந்திருக்காரு."

பெண்கள் ஐயோ என்று கன்னத்தில் கை வைத்தார்கள்.

புருல்சா கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு கோதுமை மணி நீளம்கூட இல்லை. மங்கின பழுப்பு, இறக்கையில் இரண்டு மூன்று மங்கல் புள்ளி. ஒருத்தி பார்க்க வசதியாக விளக்கைப் போட்டதும் மூன்றும் விறுவிறுவென்று நடந்து பெட்டியின் பின்னால் மறைந்தன.

முப்பது வருஷம் கம்பளியோடு படுத்து எழுந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? விளக்கைக் கண்டால் வருவது விட்டில். விளக்கைக் கண்டால், கடன் கொடுத்தவனைப் பார்த்த கடனாளி மாதிரி, பறக்கக்கூடத் தோன்றாமல் நடந்தே ஒளிவது அந்து. கம்பளி தின்கிற அந்து.

"லைட்டு போட்டா ஓடுதே, ஜூரகான்" என்றாள் மெதுவாக.

"மாமாவுக்கு லைட்டு எரிஞ்சா எப்பவும் ஆகாதுக்கா. கரண்ட்டு காசு, கரண்ட்டு காசுன்னு உசுரை எடுப்பாங்க. மறந்துட்டீங்களா?"

துக்க வீடு. புருல்சா வாயை மூடிக்கொண்டு மாவுத்துண்டைத் தின்றாள். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் மெத்தைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தன் இரண்டு விரிப்புகளின் சிவப்பு ஓரத்தை அவள் கண் பார்த்துவிட்டது. 

இருபத்தேழாம் நாள் பணம் கேட்கப் போனாள். ஒமுர்சாக் மரியாதையாகத்தான் உட்கார வைத்தான். தேநீர் கொடுத்தான், பாதிக் கிண்ணம்தான் ஊற்றினான், அதுவும் எங்கள் பக்கத்தில் மரியாதைதான். பிறகு எழுந்து போய் ஒரு விரிப்பை இழுத்துக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான்.

"நீங்களே பாருங்கக்கா."

சிவப்பில் நாலு இடம் வழுக்கை. விரல் நுழைகிற ஓட்டை இரண்டு.

"அந்து புடிச்ச மயிரைக் குடுத்திருக்கீங்க" என்றான் ஒமுர்சாக். "எங்கப்பா வெள்ளந்தி. ஏமாந்துட்டாரு. நான் முன்பணத்தைத் திருப்பிக் கேக்கலை, அதுக்கு நீங்க எனக்கு நன்றி சொல்லணும்."

"கொதிக்கிற தண்ணியில மூணு தடவை போட்டு எடுத்த மயிருப்பா இது. அதுல என் கை தோலே உரிஞ்சுது, அந்து உசுரோட இருக்குமா?"

"அப்ப இந்த ஓட்டையை யாரு போட்டா? நானா கடிச்சேன்?"

"அந்துதான் போட்டுது. உன் வீட்டு அந்து."

"எங்க வீட்லயா? எங்க வீட்ல ஒரு அந்து காட்டுங்க பாப்போம்!"

அந்த நேரம் பார்த்து ஒன்று அவன் தோளிலிருந்து கிளம்பி, தள்ளாடிப் பறந்து, தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. புருல்சா விரலை நீட்டினாள்.

"அது எங்கப்பா" என்றான் ஒமுர்சாக், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

"இப்ப எத்தனை பேரு இருக்காங்க?"

"பதினாலு" என்றாள் வாசலில் நின்ற ஜூரகான். "போருல காணாமப் போன சின்னத் தாத்தாகூட வந்துட்டாரு. ஜெர்மனியில இருந்து நடந்தே வந்திருப்பாரு, பாவம், இறக்கை கிழிஞ்சிருந்துது."

புருல்சாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினாள். பதினெட்டாயிரத்து அறுநூறு சோம் நினைப்பு வந்தது, சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. மடியில் கிடந்த விரிப்பை விரலால் தடவினாள். வழுக்கையின் ஓரத்தில் அரிசி அளவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அந்துப்புழுவின் உறை. இந்த வகைப் புழு தான் தின்கிற மயிரிலேயே தனக்கு ஓர் உறை பின்னி, அதை முதுகில் சுமந்துகொண்டு மேயும். வீட்டைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிற ஜென்மம், அதனால் புருல்சாவுக்கு அதன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உறையின் இரண்டு நுனியிலும் மெலிசாகச் சிவப்பு. நடுவில் முழுக்கச் சாம்பல் நிறம்.

அவள் விரிப்பில் சிவப்பு உண்டு, கறுப்பு உண்டு. சாம்பல் கிடையாது.

உறையைத் தலைத்துணியின் முனையில் முடிந்துகொண்டாள். "வர்றேன் தம்பி" என்று எழுந்தாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் ஒமுர்சாக்கே கொஞ்சம் ஏமாந்து போனான்.

நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். உயிரியல் வாத்தியார் தாலாய் படித்தவர், தலைநகரில் ஐந்து வருஷம் படித்தவர். ஒமுர்சாக் வீட்டுப் பூச்சியை ஊரார் எல்லோரும் பார்த்திருக்க, அவர் மட்டும் விஞ்ஞானக் கண்ணால் பார்த்திருந்தார். கைபேசியில் படமும் எடுத்து வைத்திருந்தார்.

"இதுல ஒரு ஆப் இருக்குங்க அக்கா. படத்தைப் போட்டா பேரைச் சொல்லிடும். பாருங்க." போட்டார். கைபேசி யோசித்தது. "காய்ந்த இலைன்னு சொல்லுது. இருங்க, கிட்டப் புடிச்ச படம் போடறேன்." மறுபடி யோசித்தது. "பிரேசில் நாட்டுக் காட்டுப் பூச்சியாம். நூத்துக்கு எழுபத்தோரு பங்கு நிச்சயமாம்."

"பிரேசிலா? அது எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தாண்ட."

"ஜெர்மனியில இருந்து வந்தவரே நடந்துதான் வந்தாராம். இது நீந்தி வந்திருக்கும்" என்றாள் புருல்சா. "வாத்தியாரே, உங்க பொட்டிய உள்ள வைங்க. உங்க கண்ணுக்கு அது என்ன?"

தாலாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நிலக்கரி மலையாகக் கிடந்தது. இந்த வருஷம் அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தவன் ஒமுர்சாக்.

"விஞ்ஞானமாப் பாத்தா அந்துதான்க்கா" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆனா மனுஷத்தனமாப் பாத்தா… அவங்கப்பாதான்."

"சரி. நாற்பதாம் நாள் விருந்துல விஞ்ஞானமாப் பேசுவீங்களா, மனுஷத்தனமாப் பேசுவீங்களா?"

"அன்னிக்கு எனக்கு மாவட்டத்துல மீட்டிங் இருக்குக்கா."

மொல்தோ எர்கேஷிடம் போவதில் பிரயோஜனமில்லை என்று அவளுக்கே தெரியும். ஊரில் ஓதுகிறவர் அவர்தான். வியாழன்தோறும் ஒமுர்சாக் வீட்டில் ஓதி, வியாழன்தோறும் ஒரு கறித்துண்டும் இருநூறு சோமும் வாங்கி வருகிறவர். பூச்சி எண்ணிக்கை கூடக்கூட அவர் ஓதுகிற நேரமும் கூடியிருந்தது. பதினாலு பேருக்கு ஒரே ஓதல் எப்படிப் போதும் என்று அவரே கேட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்துப் புருஷனிடம் காட்டினாள். கச்கின் உறையை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் லேசாக நெருடிப் பார்த்தான். ஆடு, யாக், நரி, ஓநாய் என்று வாழ்நாள் முழுக்கத் தோல் உரித்தவன்.

"ஓநாய்" என்றான்.

"நெசமாவா?"

"அடியில வெளுப்பு, மேல சாம்பல். ஆடு இப்படி வராது."  பிறகு அவன் முகம் மாறியது. "அடப்பாவி. பிஷ்கெக்குக்குப் போயிடுச்சுன்னானே!"

"பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான். ஒரு அந்துருண்டை போடக்கூட காசு செலவு பண்ணல. அங்க பொரிச்சுதான் எல்லாம் வெளிய வருது. மேல கிடந்தது நம்ம விரிப்பு."

"நான் இப்பவே போறேன்—"

"நீ எங்கயும் போகாத. நீ போனா கோட்டுச் சண்டையாயிடும், என் காசு அதுல மூழ்கிடும். நாற்பதாம் நாள் வரட்டும்."

"மூணு டன் நிலக்கரியா, ஏழு ஓநாயா?"

"ஓநாயை எரிச்சுக் குளிர் காய முடியாதுய்யா."

நாற்பதாம் நாள் ஒரு குதிரையும் மூன்று ஆடும் அறுத்திருந்தான் ஒமுர்சாக். பெரிய அறையில் ஆண்கள், அடுத்த அறையில் பெண்கள், நடுவில் கதவு திறந்து கிடந்தது. யார் யாருக்கு எந்த எலும்பு என்று முறைப்படி கறி வந்தது. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, சம்பந்திகளுக்குத் தொடை. புருல்சாவுக்கு ஒரு கழுத்தெலும்பை அனுப்பியிருந்தாள் ஜூரகான். புருல்சா அதை ஒரு பிசிறு விடாமல் தின்று முடித்தாள். காத்திருப்பவளுக்கு என்ன எலும்பு வந்தால் என்ன?

சுவரில் அன்று முப்பதுக்குக் குறையாமல் இருந்தார்கள். விருந்தாளிகள் அவர்கள்மேல் சாய்ந்துவிடாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாவட்டத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தி தெரியாமல் ஒன்றைக் கையால் தட்டிவிட, ஜூரகான் "ஐயோ, அது எங்க பெரியத்தை!" என்று அலறினாள். மனுஷன் எழுந்து நின்று சுவரிடம் மன்னிப்புக் கேட்டான்.

கறி முடிந்து மொல்தோ கையை விரித்தார். கடைசி ஓதலுக்கு முன் கேட்க வேண்டியதை, பதில் வராது என்கிற தைரியத்தில், ஒரே மூச்சில் கேட்டார்: "மரிச்சவர்மேல பாக்கி உள்ளவங்க யாராவது இருந்தா இப்பச் சொல்லுங்க, இல்லேன்னா எல்லாரும் ராஜின்னு—"

"இருக்கு" என்றாள் புருல்சா, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. எழுந்து நிலைப்படியில் வந்து நின்றாள். "பதினெட்டாயிரத்து அறுநூறு சோம். நான் ராஜி இல்லை."

விரித்த கைகள் அந்தரத்தில் நின்றன. கடன் கொடுத்தவர் ராஜி, அதாவது சம்மதம், சொல்லாமல் யாரும் ஆமீன் சொல்ல முடியாது. நாற்பது பேர் பிச்சை கேட்பவர்கள் மாதிரி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஒமுர்சாக்கைப் பார்த்தார்கள்.

"அது அந்து புடிச்ச விரிப்பு!" என்றான் அவன். "எல்லாருக்கும் காட்டறேன். ஓட்டை ஓட்டையா இருக்கு."

"ஓட்டை இருக்கு, நான் இல்லேங்கல" என்றாள் புருல்சா. தலைத்துணி முனையை அவிழ்த்து, உறையை மொல்தோவின் தட்டோரத்தில் வைத்தாள். "இது அந்த ஓட்டைக்குப் பக்கத்துல இருந்துது. அந்துப்புழு எதைத் தின்னுதோ அந்த நிறத்துல உறை கட்டும். பாருங்க மொல்தோ, நடுவுல என்ன நிறம்?"

மொல்தோ கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். "சாம்பல் மாதிரி…"

"என் விரிப்புல சாம்பல் நிறம் இருக்கா?"

"இல்லை" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர். "சிவப்பும் கறுப்பும்தான். நானே பாத்தேன்."

"அப்ப இந்தப் புழு இந்த வீட்டுல வேற எதையோ தின்னு வளந்து, அப்புறம் என் விரிப்புக்கு வந்திருக்கு. ஓரத்துல மட்டும்தான் சிவப்பு. சாம்பல் நிறத்துல இந்த வீட்டுல என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியாது. நான் கம்பளிக்காரி. உங்களுக்குத்தான் தெரியும்."

 நாற்பது தலைகள் மெதுவாகப் பெட்டியின் பக்கம் திரும்பின. கச்கின் மட்டும் தன் கோடு போட்ட சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு கூரையைப் பார்த்தான். பெட்டியின் சாவி ஓட்டையிலிருந்து அப்போது ஒன்று வெளியே வந்து, இறக்கையை உலுக்கிக்கொண்டு, இத்தனை கூட்டமா என்று பார்ப்பது போல ஒரு நிமிஷம் நின்றது.

"பெட்டியைத் திறந்து பாத்துட்டா தீந்துது" என்றார் அந்தப் பெரியவர்.

"திறக்கக் கூடாது!" என்று பாய்ந்து வந்து பெட்டியின் முன்னால் நின்றான் ஒமுர்சாக்.

"ஏன்பா?"

 பதில் அவன் பெண்டாட்டியிடம் இருந்தது, அதுவும் முழு நம்பிக்கையோடு.

"மாமா அதுக்குள்ளதான் தங்கறாங்க" என்றாள் ஜூரகான். "எல்லாரும் அதுக்குள்ளதான். சாவி ஓட்டை வழியாப் போவாங்க, வருவாங்க. திறந்தா அவங்களுக்குத் தொந்தரவு."

"ஆமா!" என்று பிடித்துக்கொண்டான் ஒமுர்சாக். "அதேதான்! இது அந்தே இல்லை! எங்கப்பா! எங்க முன்னோரு! அவங்க இருக்கற பெட்டியை நீங்க திறப்பீங்களா? உங்களுக்கு ஈமான் இல்லையா, நம்பிக்கை இல்லையா?"

புருல்சா ஒரு அடி உள்ளே வந்தாள். "அந்து இல்லையா?"

"இல்லை!"

"நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி. இதோ இந்தச் சுவத்துல இருக்கறது ஒண்ணுகூட அந்து இல்லை?"

"ஒண்ணுகூட இல்லை! எல்லாம் எங்கப்பா வகையறா!"

"மொல்தோ, நீங்க என்ன சொல்றீங்க?"

நாற்பது நாளாக வாங்கின இருநூறுகள் மொல்தோவின் கண் முன்னால் வந்து போயின. அந்து என்று சொன்னால் அத்தனையையும் பூச்சிக்கு ஓதியதாக ஆகும். "ரூஹுதான், செத்தவங்க ஆவிதான்" என்றார். "நான்தான் ஓதினேனே."

"கேட்டுக்கிட்டீங்கள்ல எல்லாரும்?" என்றாள் புருல்சா. "இந்த வீட்டுல அந்தே கிடையாது. மொல்தோவும் சொல்லிட்டாரு, வீட்டுக்காரனும் சொல்லிட்டான். அந்தே இல்லாத வீட்டுல என் விரிப்பை அந்து தின்னிருக்க முடியாது. காசைக் குடு."

"ஓட்டை இருக்கே!"

"இருக்கு. உங்கப்பா கடிச்சிருப்பாரு. அவர் வாங்கின விரிப்பு, அவர் கடிக்கட்டும், எனக்கென்ன?"

கடைசி வரிசையில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் தும்மல் வந்தது. ஒமுர்சாக் பெட்டியைப் பார்த்தான், புருல்சாவைப் பார்த்தான், கச்கினின் கோடு போட்ட சட்டையைப் பார்த்தான். திறந்தால் கோட்டும் போகும், பேரும் போகும். திறக்காவிட்டால் பணம் மட்டும் போகும். கடைக்காரன்தானே, கணக்கு அவனுக்குச் சீக்கிரம் வரும். பெண்டாட்டியைக் கடைக்கு அனுப்பினான். போகும்போது தராசுக்குக் கீழே இருக்கிற டப்பா என்று காதில் சொன்னது கதவு வரை கேட்டது.

டப்பாவிலிருந்து வந்தது எல்லாம் இருபதும் ஐம்பதும் நூறும், நிலக்கரித் தூசியோடு. ஒமுர்சாக் எண்ணி நீட்டினான்.

"பதினெட்டாயிரம். போதும்ல? துக்க வீடு."

"அறுநூறு?"

"அறுநூறுக்கா பாக்கறீங்க அக்கா, இத்தனை பேர் முன்னாடி?"

"இத்தனை பேர் இல்லேன்னா பதினெட்டாயிரமே வந்திருக்காது."

அறுநூறையும் வைத்தான். புருல்சா நிலைப்படியிலேயே உட்கார்ந்து எண்ணினாள். இருபதுகள் ஒரு பக்கம், ஐம்பதுகள் ஒரு பக்கம், நூறுகள் ஒரு பக்கம். நாற்பது பேரும் கையை நீட்டியபடியே காத்திருந்தார்கள். சிலருக்குத் தோள் வலித்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார்கள். எண்ணி முடித்தாள். எண்ணி நீட்டினவன் ஒமுர்சாக். அதனால் இன்னொரு தடவை, இன்னும் நிதானமாக எண்ணினாள். இரண்டு தடவையும் ஒரே தொகை வந்தது. தலைத்துணியின் முனையில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

"ராஜி" என்றாள். "இஸ்மனாலி மாமாமேல எனக்கு ஒரு பாக்கியும் இல்லை. அவர் மண்ணு அவருக்கு லேசா இருக்கட்டும்."

அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். கிழவர் முன்பணம் கொடுத்தவர்.

மொல்தோ ஓதினார், இந்த முறை சுருக்கமாக. எல்லோரும் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பெட்டியின் மேல் முதுகை அழுத்திச் சாய்ந்து நின்ற ஒமுர்சாக்கும் தடவிக்கொண்டான், கடன் தீர்ந்தது.